பூஞ்சை இருக்கும் இடமும் இல்லாத இடமும்



பூஞ்சையின் பேரால் நம் தெருக்களில் இரண்டு கொள்ளைகள் நடந்துகொண்டிருக்கின்றன. தொடையிடுக்கில் படர்தாமரை வந்து ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடக்கும் தொழிலாளிக்கு, அந்தப் பூஞ்சையை உள்ளுக்குள் வளர்த்துவிடும் களிம்பைச் சீட்டு இல்லாமல் விற்கிறார்கள். எந்தப் பூஞ்சை நோயும் இல்லாத ஆட்டிசக் குழந்தையின் பெற்றோரிடம், "குடலில் பூஞ்சை மண்டிக்கிடக்கிறது, அதுதான் பேச்சு வரவிடாமல் தடுக்கிறது" என்று சொல்லி மாதக்கணக்கில் பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுக்கிறார்கள். நோய் இருக்கும் இடத்தில் கேடு செய்யும் மருந்து. நோய் இல்லாத இடத்தில் வேண்டாத மருந்து. இரண்டுக்கும் விலை கொடுப்பது அன்றாடக் கூலியில் பிழைக்கும் குடும்பம்.

ஒன்று தோல் டாக்டர் சமாச்சாரம், மற்றது மனநல டாக்டர் சமாச்சாரம், இரண்டையும் ஏன் முடிச்சுப் போட வேண்டும் என்று நம் கூட்டங்களில் கேட்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே குழந்தையின் உடம்பில் இரண்டும் சேர்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

போன மழைக்காலத்தில் மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நாம் நடத்திய மருத்துவ முகாமுக்கு ஒரு தாய் தன் ஆறு வயது மகனோடு வந்தார். பையனுக்கு ஆட்டிசம்; பேச்சு இல்லை. வரிசையில் நிற்கமாட்டாமல் சுவரில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தாய் தன் மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். பாதி பிதுக்கிச் சுருட்டிவைத்த களிம்புக் குழாய்கள் ஒரு குவியலாக விழுந்தன. பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். ஒன்றில் குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். இன்னொன்றில் பெக்ளோமெத்தசோன், குளோட்ரிமசோல், ஜென்டமைசின். ஸ்டீராய்டும் பாக்டீரியாக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் ஒரே குழாயில். அவருக்கும் வீட்டுக்காரருக்குமாக வாங்கியவை. பைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மூத்திரப் பரிசோதனை அறிக்கையும் நிஸ்டாடின் என்ற மருந்துப் புட்டியும் இருந்தன. அவை பையனுடையவை.

"வயித்துல ஈஸ்ட் இருக்காம்க்கா. அது செத்தாப் பேச்சு வந்துருமாம். மருந்து ஆரம்பிச்சதுலேருந்து ராத்திரி பூரா அழுவுறான், சட்டையக் கிழிக்கிறான். போன்ல கேட்டா, பூஞ்சை சாவுது, அதான் அழுவுறான், நல்ல அறிகுறிதான், நிறுத்திராதீங்கன்னு சொல்றாங்க."

நம்மோடு வந்திருந்த தோல் மருத்துவர் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவன் பழகும்வரை காத்திருந்து, கால்சட்டை எலாஸ்டிக்கை இரண்டு விரலால் லேசாக இறக்கினார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, வட்டத்தோடு வட்டம் சேர்ந்து முதுகுப் பக்கம்வரை போயிருந்தது. தாய் துடைத்த துண்டாலேயே அவனையும் துடைத்ததில் தொற்றியிருக்க வேண்டும். அவன் ராத்திரி அழுதது அரிப்பால். வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளை சட்டையைக் கிழித்துச் சொல்லியிருக்கிறான். மூத்திர அறிக்கை இருந்தது, மருந்து இருந்தது, போனில் ஆலோசனை இருந்தது. அவன் உடம்பை ஒருமுறை முழுசாகப் பார்க்க ஆள் இல்லை. நிஸ்டாடின், கேண்டிடா வகைப் பூஞ்சைக்கான மருந்து. வாய்வழியே கொடுத்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே அரிது. படர்தாமரைப் பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது.

"பூஞ்சை சாகிறது, அதனால் அழுகிறான்." இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள், தோழர்களே. குழந்தை அமைதியாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. அழுதால், காய்ச்சல் வந்தால், பேதியானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இந்தக் கணக்கில் மருந்து தோற்கவே வழியில்லை. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை, நிறுத்து என்று பெற்ற வயிறு சொல்வதையும் அது அடைத்துவிடுகிறது. ஆட்டிசத்தின் பேரால் விற்கப்படும் மோசடிகளில் நான் மிகவும் வெறுப்பது இதைத்தான்.

இந்தக் கதைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1983-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மருத்துவர் வில்லியம் குரூக், சோர்வு தொடங்கிக் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்கள்வரை பலவற்றுக்கும் உடம்பில் பெருகும் ஈஸ்ட், அதாவது கேண்டிடா பூஞ்சைதான் காரணம் என்று 'தி ஈஸ்ட் கனெக்ஷன்' என்ற புத்தகம் எழுதினார். அது பரபரப்பாக விற்றது. 1986-ல் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம், இது நிரூபிக்கப்படாத ஊகம் என்று அறிக்கை விட்டது. 1990-ல், இந்த 'ஈஸ்ட் நோய்' இருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்களுக்கு நிஸ்டாடினையும் வெற்று மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு முழுவதற்கும் சொல்லப்பட்ட அறிகுறிகளில் நிஸ்டாடின் வெற்று மருந்தைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. ஆட்டிசம் பூஞ்சைக்கொல்லியால் குணமாகும் என்று காட்டிய முறையான சோதனை எதுவும் இன்றுவரை இல்லை. கேண்டிடா ஆரோக்கியமான மனிதர்களின் வாயிலும் குடலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் உயிரி. மலத்தில் அதைக் கண்டதால் நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாமும் பெற்றோரின் வாயை அடைத்தவர்கள் ஆவோம். ஆட்டிசக் குழந்தைகளுக்கு மலச்சிக்கலும் வயிற்றுவலியும் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். நான்கைந்து பண்டங்களைத் தவிர எதையும் தொடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். "வயிறு சரியில்லை" என்று தாய் சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. வயிற்றை வயிறாகவே பார்த்து வைத்தியம் செய்யுங்கள் என்கிறோம். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிள்ளையின் நாக்கில் வெள்ளை படிந்தால் அது கேண்டிடாவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, கொடுக்க வேண்டும். பேச்சு வரவழைக்கும் மருந்தாக அதை விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

ஆட்டிசம் கிருமியால் வருவதல்ல. மூளை வளரும் விதத்தில், பெரும்பாலும் கருவிலேயே தொடங்கிவிடும் வேறுபாடு. ஐந்து நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, யாருக்கு ஆட்டிசம் வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்தை மரபுவழிக் காரணங்கள் விளக்குகின்றன என்று கண்டது. உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அந்தக் கணக்கைப் பொதுவாக வைத்துப் பார்த்தால்கூட, ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் அவர்கள் எங்கே? வீட்டுக்குள் இருக்கிறார்கள். அல்லது வகுப்பில் கடைசி பெஞ்சில், 'அடங்காத பையன்' என்ற பேரோடு அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெண் குழந்தை என்றால் 'ரொம்ப அமைதி' என்ற பேரோடு யார் கண்ணிலும் படாமலே போகிறாள்.

பழி எப்போதும் தாய்மேல்தான் விழுந்திருக்கிறது. லியோ கேனர் 1943-ல் பால்டிமோரில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, பாசமில்லாத தாய்தான் காரணம் என்ற கோட்பாடு கிளம்பியது. புரூனோ பெட்டல்ஹைம் அதை 1967-ல் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1964-ல், அந்தக் கோட்பாட்டை ஆதாரங்களோடு உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசமுள்ள மகனின் தகப்பன். லட்சக்கணக்கான தாய்மார்களின் தலையிலிருந்து பழியை இறக்கிவைத்த அதே ரிம்லாண்ட், பிற்காலத்தில் வைட்டமின், உணவுக் கட்டுப்பாடு, ஈஸ்ட் என்று நிரூபிக்கப்படாத வைத்தியங்களுக்குத் துணை நின்றார். பிள்ளைமேல் பாசம் இருந்தால் மட்டும் போதாது, தோழர்களே, ஆதாரமும் வேண்டும். அவருக்கே அது சறுக்கியது என்றால், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு யூடியூப் பார்க்கும் ஒரு தாயை நாம் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பழியின் உருவம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை தட்டம்மைத் தடுப்பூசிமேல் சந்தேகத்தைக் கிளப்பியது. 'லான்செட்' இதழ் அதை 2010-ல் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. கட்டுரை போய்விட்டது, பயம் போகவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடுவதை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டார். உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல வேண்டிவந்தது. கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால் மாத்திரை போடலாமா என்று அந்த வாரமே நம் பெண்கள் நம்மிடம் கேட்டார்கள்.

சும்மா பணம் போகிற விஷயம் மட்டுமல்ல இது. 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று மருந்து ஏற்றியதில் ஆட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். வெளுப்புத் திரவத்தை 'அற்புதக் கனிமம்' என்ற பேரில் குடிக்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2010-லும் 2019-லும் எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறைக் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் சாதுவானவை அல்ல. கல்லீரலைக் கெடுக்கும் ஆபத்தினால் கீட்டோகோனசோல் மாத்திரையைப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் அறிவித்தது.

இனி, உண்மையான பூஞ்சைக்கு வருவோம்.

மருத்துவ நூல்களில் நம் மதுரையின் பேர் இருக்கிறது, தோழர்களே, வேதனையான விதத்தில். 1842-ல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் பாதம் வீங்கி, ஓட்டை ஓட்டையாகப் புண்ணாகி, குருணை குருணையாகச் சீழ் வடிவதைப் பதிவு செய்தார். அது உலகெங்கும் 'மதுரைக் கால்' ஆனது. முள் குத்திய துளை வழியே பூஞ்சையோ ஒருவகைப் பாக்டீரியாவோ உள்ளே போய் எலும்புவரை தின்னும் நோய் அது. உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-ல். இடையில் 174 ஆண்டுகள். காலில் செருப்பில்லாதவர்களின் நோய்க்கு உலகம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. இந்தியாவில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர், அதாவது மக்கள்தொகையில் 4.4 சதவீதம் பேர், கடுமையான பூஞ்சை நோய்களால் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2022-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. உடம்பில் வரும் சாதாரணப் படர்தாமரை இந்தக் கணக்கில் சேராது. அதே 2022 அக்டோபரில்தான் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் முதல் பட்டியலையே வெளியிட்டது. அதில் 19 பூஞ்சைகள். நம் ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை மிரட்டும் கேண்டிடா ஆரிஸ், மிக ஆபத்தான நான்கில் ஒன்று. பூஞ்சைக்கு எதிராக இன்றுவரை ஒரு தடுப்பூசிகூட இல்லை. மருந்து வகைகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பாக்டீரியாவைப் போலன்றி, பூஞ்சையின் செல் அமைப்பு நம் செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தாக்காமல் இருக்க வேண்டும்; அதனால்தான் புது மருந்து கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம்.

2021-ஐ மறந்துவிட்டோமா? கொரோனாவிலிருந்து தப்பியவர்கள் மியூகோர்மைகோசிஸ் என்ற 'கருப்புப் பூஞ்சை'க்குக் கண்ணையும் தாடையையும் உயிரையும் கொடுத்தார்கள். அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆம்போடெரிசின் ஊசிக்காக ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும், அளவுகடந்து கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்துதான் அந்தப் பூஞ்சைக்கு வாசல் திறந்துவிட்டன. தமிழ்நாடு அந்த மே மாதமே அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. கொள்ளைநோய் வந்தபோது அரசால் விரைந்து செயல்பட முடிந்தது. அன்றாடம் நடக்கும் கேட்டுக்கு அந்த வேகம் இல்லை.

அன்றாடக் கேடு என்பது அந்த மஞ்சப்பைக்குள் இருந்த களிம்புதான். அது என்ன செய்கிறது என்று ஒவ்வொரு தோழரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், வட்டம் மங்கும். பூஞ்சைக்கோ எதிர்ப்பே இல்லை, ஆழமாக வேர்விடும். களிம்பை நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மறுபடி அதே குழாய். கடைசியில் வட்டம் வட்டமாகவே இல்லாமல் சிதறிப்போக, அனுபவமுள்ள மருத்துவருக்கே அடையாளம் தெரிவதில்லை. தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு ஆயுளுக்கும் போகாது.

இப்படி அரைகுறை மருந்தில் பிழைத்து வளர்ந்த பூஞ்சை இன்று உலகம் சுற்றுகிறது. டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். இந்தியாவின் பேரே அதில் ஏறிவிட்டது. படர்தாமரைக்கு முதல் மருந்தான டெர்பினாஃபின் அதன்மேல் பல நேரங்களில் வேலை செய்வதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அது இருப்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. விவசாயத் தோழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெல்லுக்கும் மிளகாய்க்கும் வாழைக்கும் அடிக்கும் புரோப்பிகோனசோலும் டெபுகோனசோலும், ஆஸ்பத்திரியில் உயிர்காக்கக் கொடுக்கும் அசோல் மருந்துகளின் இனமே. மண்ணிலேயே மருந்துக்குப் பழகிவிட்ட பூஞ்சை நுரையீரலுக்குள் வந்தால் மருத்துவரிடம் கொடுக்க அதிகம் மிஞ்சாது. கையில் இருக்கும் கொஞ்ச மருந்தையும் வயலில், களிம்பில், ஆட்டிசக் குழந்தையின் வயிற்றில் என்று மூன்று பக்கமும் விரயம் செய்துகொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ல் ஒன்றிய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச்-சுக்குள் கொண்டுவந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தைச் சேர்த்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்வரை உண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இவை நம் மக்களுக்குத் தெரியாது. தெரியாத வெற்றிடத்தில்தான் கடைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, இறங்குங்கள்!

அங்கன்வாடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட பிள்ளை. இவர்களில் யாரைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டி சொல்வாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அந்தப் பிள்ளையை மாவட்ட மையத்துக்குக் கூட்டிப்போங்கள். தாய் தனியாகப் போனால் வரிசையில் களைத்துத் திரும்பிவிடுவார். நீங்கள் கூடப் போங்கள், சீட்டு வாங்குங்கள், பேச்சுப் பயிற்சிக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் அடுத்த தேதி எழுதி வாங்கும்வரை நில்லுங்கள்.

ஆட்டிசத்தைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று நாம் சொல்லும்போது, பூஞ்சையைச் சொல்லும் அர்த்தத்தில் சொல்லக் கூடாது. பூஞ்சைத் தொற்றை ஒழிக்க வேண்டும். ஆட்டிசமுள்ள மனிதரை மாற்றி வேறு ஆளாக்குவது நம் வேலை அல்ல. அவருக்குப் பயிற்சி, பள்ளி, வேலை, வயதான பெற்றோருக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு, இவை ஊர்ச் செலவில் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மேடையில் "பரவிவரும் கொடிய நோய்" என்று எந்தத் தோழரும் பேச வேண்டாம். கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம்.

தோலுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் கோரிக்கை வையுங்கள். காசநோய்க்கும் மலேரியாவுக்கும் பார்க்கும் மைக்ராஸ்கோப் அங்கே இருக்கிறது. தோலைச் சுரண்டி ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால், பூஞ்சையின் இழைகளைச் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்த ஒரு புட்டியும் அதற்கான பயிற்சியும் கேட்போம். ஒரு குழாயைக் கொடுத்து அனுப்பிவிடாமல் வீட்டில் அரிப்புள்ள எல்லோருக்கும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடரும் அளவுக்கு, ஸ்டீராய்டு கலக்காத மருந்து கேட்போம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் பெண் ஊழியர்கள், கால்விரல் இடுக்கையும் ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். தூய்மைப் பணியாளர் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஈரத்தில் நிற்கிறார். நடவு நடும் பெண் சேற்றில் நிற்கிறார். சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சேற்றுப்புண் வெடிப்பு வழியே கிருமி ஏறினால் காலே போகும். அந்த வேலைக்கு மாற்றுக் காலுறையும், கால் கழுவிக் காயவைக்க இடமும் கேட்பது தொழிற்சங்கத் தோழர்களின் பொறுப்பு.

மெடிக்கல் கடையில் நிற்கும் பையனோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவனும் மாதச் சம்பளக்காரன். சீட்டில்லாமல் விற்கச் சொல்லும் முதலாளிமேல் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படர்தாமரை வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மருந்து போட ஆரம்பித்த பிள்ளையைத் துரத்தத் தேவையில்லை, துண்டும் துணியும் தனியாக இருந்தால் போதும். ஈஸ்ட் மருந்து கொடுத்த தாயிடம் "ஏன் ஏமாந்தீங்க" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. முதலில் பிள்ளையைப் பாருங்கள். பேச முடியாத பிள்ளை திடீரென்று அழுதால், கடித்தால், தலையை மோதினால், "ஆட்டிசம்தானே" என்று முடித்துவிடாமல் பல்லை, காதை, வயிற்றை, தோலைப் பாருங்கள்.

அந்த மில் குடியிருப்புப் பையனுக்கும் அவன் வீட்டார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடந்தது. களிம்பு பிசுபிசுப்பதை அவன் தாங்கமாட்டான். அம்மா தன் கையில் கொஞ்சம், அவன் கையில் கொஞ்சம் என்று பூசிப் பழக்கினார். சில வாரங்களில் ராத்திரி அழுகை நின்றது. பேச்சு வரவில்லை. வரும் என்று நாங்கள் யாரும் சொல்லவுமில்லை. இப்போது மாவட்ட மையத்தில் படஅட்டை பழகுகிறான். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் அட்டையை எடுத்து நீட்டுகிறான். அரிப்புக்கும் ஓர் அட்டை செய்து கொடுத்திருக்கிறார் அம்மா.

முகாம் போடும்போது வெளிச்சமான இடமாகப் பாருங்கள். பெண்கள் ஆடை விலக்கிக் காட்ட மறைப்பு வேண்டும்; இல்லாவிட்டால் பாதிப் பேர் கையை மட்டும் நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மைக் செட் வேண்டாம், சத்தம் தாங்காத பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்துக்குள் ஒரு தெருவையாவது முடித்து, எத்தனை வீட்டில் அரிப்பு, எத்தனை வீட்டில் ஸ்டீராய்டு குழாய், எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவது எதுவோ அதற்கு ஒரு வாரம் முன்பே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அன்று பெற்றோர்களையும், வர விரும்பும் ஆட்டிசமுள்ள இளைஞர்களையும் முன் வரிசையில் உட்காரவையுங்கள்; தீர்மானத்தை அவர்களே வாசிக்கட்டும்.